தூசுக்கு ஓர் அச்சு வெல்லம்

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு தட்டின் படம் ஒட்டியிருக்கிறது. தட்டில் பாதிக்குக் காய்கறியும் கீரையும். மீதிப் பாதியில் ஒரு பங்கு சோறு அல்லது களி, இன்னொரு பங்கு பருப்போ முட்டையோ மீனோ. பக்கத்தில் ஒரு தம்ளர் மோர், ஒரு துண்டு கொய்யா. எண்ணெயும் உப்பும் ஓரத்தில் சின்னதாக. சர்க்கரையின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அந்தப் படத்தை இளமதி செல்போனில் பிடித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து, விருத்தாசலத்தில் செராமிக்ஸ் பக்கம் இருக்கிற அந்த வீட்டில் அவள் மாமியார் விருத்தாம்பாளின் சோற்றுக்குக் கஷ்டகாலம் பிறந்தது.

"இது என்னாடி, வூட்டு மனை பிரிச்ச மாதிரி இருக்குது? ரோட்டுப் பக்கம் பூரா பொடலங்கா புடிச்சிக்கிச்சு. சோத்துக்கு மூலையில அரை சென்ட்டு" என்பாள் விருத்தாம்பாள்.

"ராசியான மனைங்க அத்த. சாப்புடுங்க" என்பாள் இளமதி, தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

இருவரும் இப்படித்தான். சண்டை போல ஆரம்பிக்கும், சிரிப்பில் போய் முடியும். மாமியார் மருமகள் என்றால் பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சமாவது சத்தம் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற தெரு அது. இந்த வீட்டில் கேட்பதெல்லாம் தையல் மெஷின் சத்தமும், விருத்தாம்பாள் புடலங்காயைத் திட்டுகிற சத்தமும்தான்.

சர்க்கரை வந்தது ஒன்றும் அதிசயமில்லை. அறுபதைத் தொட்டவர்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கலாம். கண்தான் விடவில்லை. விருத்தாம்பாளுக்கு இடது கண் பேருக்குத்தான் கண். பீங்கான் சாமான் செய்கிற செராமிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது சில்லு தெறித்துப் போனது அது. இத்தனை வருஷமும் உலகத்தை வலது கண்ணாலேயே பார்த்து முடித்தவள். இப்போது அந்த வலது கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. எதிரே வருவது ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. ஜங்ஷன் ரோட்டில் ஒருத்தியை, அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்த ஆண்டாள் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் பிரசவம் முதல் மருமகன் குடி வரைக்கும் விசாரித்தாள். அந்த அம்மாளும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் "ஆமா, நீங்க யாருங்க?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தவள், அன்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

புரையை எடுத்தால் கண் தெரியும். ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்பேன் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற ஒரே கண். அதில் புண் ஆறாமல் போனால் யார் பொறுப்பு? அதே சமயம் தள்ளிப்போடவும் கூடாது. புரை முற்றிக் கல்லாகிவிட்டால் எடுப்பது சிரமம். ஆக, சர்க்கரை இறங்க வேண்டும், அதுவும் சீக்கிரம் இறங்க வேண்டும்.

இளமதி அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அடுப்படியில் இருந்த சர்க்கரை டப்பா, ரவை, மைதா எல்லாம் ஒரே நாளில் பக்கத்து வீட்டுக்குப் போயின. உருளைக்கிழங்கு வீட்டு வாசற்படி ஏறவில்லை. காலையில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ, அதுவும் அளவாக. மத்தியானம் அந்தத் தட்டு. மகள் வெண்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் தருகிற பிறந்தநாள் சாக்லேட்டைக்கூட வாசலிலேயே தின்றுவிட்டு வரச் சொல்லியிருந்தாள். இளமதிக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. அவளே இனிப்பைத் தொடுகிறவள் இல்லை. பொங்கலுக்குப் பானை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லாருக்கும் போடுவாள், தான் ஒரு வாய் வைக்க மாட்டாள். கேட்டால் பிடிக்காது என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். வீட்டில் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

இத்தனை செய்தும் சர்க்கரை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், ரத்தம் எடுப்பார்கள், அடுத்த தடவை பார்க்கலாம் என்று திருப்பி அனுப்புவார்கள். கடைசி தடவை போனபோது அது ஏறியே இருந்தது.

மகன் திலீபன் நெய்வேலிக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவன். களைத்துப் போய் வந்தவன், ரிசல்ட்டைக் கேட்டதும் அம்மாவின் மேல் பாய்ந்தான்.

"எம்மா, நெசத்த சொல்லு. கடத்தெருவுல எங்கனா ஜிலேபி வாங்கித் திங்கிறியா?"

"ஏன்டா, கண்ணு தெரியாதவ கடத்தெருவுக்குப் போயி ஜிலேபிய தேடிப் புடிச்சித் திங்கிறனா? நான் பெத்த மவனே என்ன திருடின்னு சொல்லிட்டியா? நாளைக்கே கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுறன், பாரு" என்று கிழவி எழுந்து நின்றுவிட்டாள். கொளஞ்சியப்பரிடம் பிராது எழுதிக் கட்டினால் குற்றவாளி தப்ப முடியாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பெற்ற மகன் பேரிலேயே பிராது என்றதும் திலீபன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

ஆனால் அந்தப் பேச்சில் நிஜமாக நொந்தவள் இளமதி. அத்தை திருட்டுத்தனமாகத் தின்னவில்லை என்றால், சமைத்துப் போடுகிற தன்னிடம்தான் தப்பு. அடுத்த நாளே சோற்றின் மனையில் இன்னும் கொஞ்சத்தைக் குறைத்தாள். "ஒரு அம்மாவ வுட்டது போதும்" என்று அவள் தையல் மெஷினிடம் சொல்லிக்கொண்டது விருத்தாம்பாளின் காதில் விழுந்தது. காதுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த ஒரு அம்மாவின் பெயர் துர்கா. விருத்தாம்பாளின் சேக்காளி.

விருத்தாம்பாள் கம்மாபுரம் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, புருஷன் பழமலைநாதன் லாரியில் போய் வாரக் கணக்கில் திரும்பாமல் இருந்த காலத்தில், வயிற்றுப்பாட்டுக்காகச் செராமிக்ஸ் வேலைக்குப் போனாள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. தகரக் கொட்டகையின் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பியூஸ் கேரியர்களும், பொம்மைகளும், அச்சிலிருந்து எடுத்துக் காய வைத்தவை பலகை பலகையாக வரும். சூளைக்குப் போவதற்கு முன்னால் அவற்றின் ஓரத்துப் பிசிரைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். அதுதான் விருத்தாம்பாளுக்கு வேலை. சன்னலோரமாக அவளுக்கு ஓர் இடம். பக்கத்தில் ஆண்டாள். துர்காவுக்கு உள்ளே, மாவு சலிக்கிற இடத்தில் வேலை. மத்தியானம் மணி அடித்ததும் அவள் கண் இமை முதல் கால் வரை வெள்ளையாக வெளியே வருவாள். "பவுடர் போட்டுக்கிட்டு மாப்ள பாக்க வந்துட்டாடி" என்று ஆண்டாள் கத்துவாள். துர்கா இடுப்பில் கை வைத்து அசைந்து அசைந்து நடந்து காட்டுவாள். அந்த நடையை நினைத்தால் விருத்தாம்பாளுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

மத்தியானச் சோறுதான் சோறு. கம்பெனி வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து தூக்குகளைத் திறப்பார்கள். ஆண்டாள் தூக்கில் எந்நாளும் முருங்கைக்கீரை. அவள் வீட்டு மரத்துக்கு மழை, வெயில் என்று வித்தியாசம் கிடையாது. விருத்தாம்பாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள். துர்கா கொண்டுவருவது பெரும்பாலும் பழைய சோறும் கொள்ளுத் துவையலும். அந்தத் துவையலுக்குத்தான் அடிபிடி. யார் தூக்கில் யார் கை போகிறது என்று கணக்கே இருக்காது. தட்டைப் பங்கு போட்டுக் காட்ட அப்போது சுவரில் படம் இல்லை. பசி இருந்தது, ஆள் இருந்தார்கள், பேச்சு இருந்தது. இன்றைக்கு அந்த அளந்து வைத்த தட்டின் முன்னால் தனியாக உட்காரும்போது அவளுக்கு வாய்க்கு ருசியாக இல்லாதது உப்புக் குறைந்ததால் மட்டும் அல்ல.

நாலு மணிக்கு வெல்லம் வரும்.

மேஸ்திரி ஆதிநாராயணன் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் அச்சு வெல்லத்தை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். ஆளுக்கு ஓர் அச்சு. பெண்ணாடம் பக்கத்திலிருந்து வருகிற வெல்லம், கருஞ்சிவப்பாக, விரலில் ஒட்டும். வெல்லம் தின்றால் நெஞ்சில் தங்கின தூசு கரைந்து கீழே இறங்கிவிடும் என்பது பேச்சு. மேஸ்திரி சொன்னார், முதலாளி சொன்னார், இவர்களும் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள். ஊரில் செராமிக்ஸ் வேலைக்குப் போன எந்த வீட்டில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஆதிநாராயணன் ஏமாற்றுகிறவர் இல்லை. கடைசி அச்சைத் தன் வாயில் போட்டுக்கொண்டுதான் தாம்பாளத்தைக் கழுவுவார். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுக்க அந்தக் கம்பெனியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெல்லம் கொடுத்தார்கள், அதையும் பிரியமாகக் கொடுத்தார்கள். பிரியமாகக் கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

துர்கா மட்டும் தின்னமாட்டாள். தன் அச்சை முந்தானையில் முடிந்துகொள்வாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், வீட்டில் சின்னப் பெண் இருக்கிறது, அதற்குத் தின்பண்டம் என்று வாங்கிக் கொடுக்க வேறு வழியில்லை. "நெஞ்சுல தூசு ஒக்காந்துக்கும்டி, தின்னுத் தொலை" என்று ஆண்டாள் திட்டுவாள். "வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கும்டி எம் புள்ள. வெறுங்கையோட எப்படிப் போறது?" என்பாள் துர்கா. விருத்தாம்பாள் சில நாள் தன் அச்சில் பாதியை உடைத்து அவள் வாயில் திணிப்பாள். அதையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

பிறகு இருமல் வந்தது. டி.பி. என்றார்கள், இல்லை என்றார்கள், மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷத்தில் துர்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லாரும் ஒரே முடிவாகச் சொன்னார்கள்: வெல்லம் தின்னாமல் விட்டாள், தூசு தங்கிவிட்டது. சாவு வீட்டில் ஒப்பாரி எடுத்தவள் விருத்தாம்பாள்தான். அவளுக்கு நல்ல குரல்.

"நெஞ்சுத் தூசு கரையத் தந்த வெல்லத்த
நீ தின்னாம முந்தியில முடிஞ்சி வச்சி
பெத்த பொண்ணு வாயினிக்கத் தந்தியே
எம் பொறப்பே, மண்ணுக்குள்ள போனியே"

கேட்டவர்கள் எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் அதை அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்ன வளக்க உசுரையே குடுத்தவ ஒங்கம்மா என்று தலையைத் தடவித் தடவிச் சொன்னார்கள். தாயைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார்கள்.

அந்தப் பெண்தான் இளமதி. இந்த ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூரில் மாமன் வீட்டில் வளர்ந்தாள். விருத்தாம்பாள் பஸ் ஏறிப் போய் அவ்வப்போது பார்த்துவிட்டு வருவாள். திலீபனுக்குப் பெண் பார்க்கிற பேச்சு வந்தபோது வேறு எங்கும் போகவில்லை. நேரே மங்களூருக்குப் போய் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்தாள்.

இளமதி வந்து, கம்பெனியும் மூடி, விருத்தாம்பாள் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் நாலு மணி வெல்லம் நிற்கவில்லை. நிற்கவிடவில்லை இளமதி. இத்தனை வருஷம் உள்ளே போன தூசு இன்னும் இருக்கும் அல்லவா? தையலை நிறுத்திவிட்டு, வெல்லத்தையும் ஒரு சொம்பு தண்ணீரையும் கொண்டு வந்து நீட்டுவாள். அத்தை தின்று தண்ணீர் குடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். விருத்தாம்பாளுக்கும் நாளில் அந்த நேரம்தான் நேரம். வெல்லம் நாக்கில் கரையும்போது ஆண்டாளின் கத்தலும், தாம்பாளச் சத்தமும், வெள்ளை வெளேரென்று துர்காவின் நடையும் வந்து போகும். ஆண்டாள் இப்போது மகள் வீட்டோடு போய்விட்டாள். வேறு யாரும் மிச்சமில்லை. வெல்லம்தான் மிச்சம்.

அடுப்படியைச் சலித்துச் சுத்தம் பண்ணின இளமதியின் கண்ணில் அந்த வெல்ல டப்பா எப்படிப் படாமல் போனது என்று கேட்கலாம். அது அடுப்படியில் இல்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைலம் இவற்றோடு முன்னறை அலமாரியில் இருந்தது. சமீபத்தில் தெருவை அகலப்படுத்துகிறார்கள் என்று மண் லாரிகள் போக ஆரம்பித்ததும், தூசு தாங்காமல் இளமதி ஓர் அச்சுக்குப் பதில் இரண்டு அச்சாகக் கொடுக்க ஆரம்பித்தாள். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும், பாவம்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் அவர்களைக் கயல்விழி என்ற பெண்ணிடம் அனுப்பினார். சேலத்துப் பக்கத்துப் பெண், சாப்பாட்டு ஆலோசனை சொல்வதற்கென்று புதிதாக வந்திருந்தாள். சுவரில் அந்தத் தட்டுப் படத்தை ஒட்டியவளும் அவள்தான்.

"நீ ஒட்டுன படத்தாலதாம்மா நான் வாடுறன்" என்றாள் விருத்தாம்பாள்.

கயல்விழி சிரித்தாள். "சோறே சாப்பிடக் கூடாதுன்னு படத்துல இல்லைங்கம்மா. எல்லா வகையும் வேணும், அளவுதான் வேணும். பருப்பு, முட்டை இல்லாம வெறும் காயும் ஆகாது. இருங்க, மொதல்ல இதைச் சொல்லுங்க. காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போகுது? காப்பி, வெத்தலை, மாத்திரை, எதையும் விடக்கூடாது."

பதில் சொன்னவள் இளமதி. பரீட்சைக்குப் படித்தவள் போல ஒப்பித்தாள். சர்க்கரை போடாத டீ, கூழ், மோர், மத்தியானத் தட்டு, ராத்திரி ஒரு தோசையும் கொத்தமல்லிச் சட்டினியும். கேட்கக் கேட்கக் கயல்விழியின் முகத்தில் குழப்பம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

"சரி, மாத்திரை?"

"காலைல சக்கர மாத்திரை ஒண்ணுங்க, பிரஷர் மாத்திரை ஒண்ணு. நாலு மணிக்குத் தூசுக்கு வெல்லம். ராத்திரி மறுபடி சக்கர மாத்திரை."

"தூசுக்கு என்னது?"

வெளியூர்ப் பெண், பாவம், தெரியாது என்று மாமியாரும் மருமகளும் இரக்கப்பட்டார்கள். விருத்தாம்பாள் பொறுமையாக விளக்கினாள். செராமிக்ஸ், தூசு, நெஞ்சு, வெல்லம், எல்லாம். எவ்வளவு என்று கயல்விழி கேட்டாள். இளமதி விரலைக் குவித்து அச்சின் அளவைக் காட்டி, "முன்னாடி ஒண்ணு. இப்ப லாரி ஓடுதுங்களா, அதனால ரெண்டு" என்றாள்.

கயல்விழி பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "அம்மா, வெல்லமும் சர்க்கரையும் ஒடம்புக்கு ஒண்ணுதான். நீங்க சாப்பாட்டுல கொறைச்சது எல்லாத்தையும் நாலு மணிக்கு உள்ள போட்டுட்டு இருக்கீங்க" என்றாள்.

விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடி ஆத்தா! எம் மவன் என்ன திருடின்னான். கையில வச்சி ஊட்டுனது எம் மருமவ!" என்று இளமதியின் தோளில் தட்டினாள். சிரித்து முடித்ததும் உள்ளே ஒரு பள்ளம் விழுந்தது. இனி நாலு மணி வெறும் நாலு மணிதான். சரி, கண்ணுக்காக அதையும் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று அங்கேயே மனசைக் கட்டிக்கொண்டாள்.

இளமதி சிரிக்கவில்லை. "அப்ப தூசு?" என்றாள்.

"தூசு மூச்சு வழியா நுரையீரலுக்குப் போகுதுங்க. வெல்லம் வயித்துக்குப் போகுது. அது வேற வழி, இது வேற வழி. நுரையீரல்ல படிஞ்ச பீங்கான் தூசு எதைத் தின்னாலும் கரையாது. உள்ள போகாமத் தடுக்கத்தான் முடியும். மூக்குக்கு நல்ல கவசம் போடணும், வேலை செய்யற எடத்துல தூசு பறக்காம ஈரமா வச்சிருக்கணும்."

"வெல்லம் தின்னவங்களுக்கும் திங்காதவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்களா?"

"நெஞ்சுக்கு இல்லைங்க."

"நல்லாத் தெரியுங்களா மேடம்?"

"நல்லாத் தெரியுங்க" என்றாள் கயல்விழி. எதற்காக இந்தப் பெண் இப்படிக் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

வெல்லம் நின்றது. சர்க்கரையும் இறங்கியது. அந்த வருஷம் முடிவதற்குள் கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆனது. அதை இங்கேயே சொல்லிவிடலாம், அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். ஆனால் விருத்தாம்பாளுக்கு ஆஸ்பத்திரி என்றால் நினைவுக்கு வருவது கட்டுப் பிரித்த நாள் இல்லை. கயல்விழியின் அறையை விட்டு வெளியே வந்த அந்தப் பகல்தான்.

வராந்தா பெஞ்சில் இளமதி உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பார்த்தாள் விருத்தாம்பாள். அவள் எழுந்திருக்கவில்லை. தன் கையாலேயே அத்தைக்குச் சர்க்கரையை ஏற்றிவிட்டோமே என்று குமைகிறாள் போல என்று நினைத்து, விருத்தாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வுடு புள்ள. தெரிஞ்சா செஞ்ச? கண்ணு எங்க போயிடப் போவுது?"

"அது இல்லைங்க அத்த."

"பின்ன என்னா?"

இளமதி மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மா தெருமுனையில வரப்பவே நான் ஓடுவேன். முந்தானைய நானே புடிச்சி இழுத்து அவுப்பேன். ஒரு நாளு கூட, ஒனக்கும்மான்னு கேட்டதில்ல அத்த. ஒரு கடி குடுத்ததில்ல. அப்பறம் அம்மா செத்தன்னிக்கி நீங்கல்லாம் அழுதீங்களே. வெல்லத்த புள்ளைக்குக் குடுத்துட்டு மண்ணுக்குப் போனியேன்னு. நான் அம்மா கால்மாட்டுல ஒக்காந்துக்கிட்டு இருந்தன். அப்பத்தான் தெரிஞ்சிச்சு, நான் தின்னதாலதான்னு."

அந்த ஒப்பாரியை எடுத்த குரல் விருத்தாம்பாளுடையது. அழகாக அழுதாள் என்று அன்றைக்கு ஊரே சொன்னது. துர்காவின் பெருமையைப் பாடுகிறோம் என்றுதான் நினைத்தாள். அந்தப் பாட்டு எட்டோ ஒன்பதோ வயசுப் பெண்ணின் தொண்டைக்குள் போய் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. பொங்கல் பானை முன்னால் ஒவ்வொரு வருஷமும் நின்றவளைப் பார்த்துவிட்டு, பிடிக்காது போல என்று அவளும் சும்மா இருந்திருக்கிறாள். நாலு மணிக்கு வெல்லத்தை நீட்டிவிட்டு இவள் ஏன் நகராமல் நின்று பார்த்தாள் என்பதும் இப்போதுதான் உறைத்தது. தன் அம்மாவுக்குக் கொடுக்காத வெல்லத்தைத்தான் தினமும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இங்க பாரு" என்றாள். அவளுக்குப் பெண்ணின் முகம் சரியாகத் தெரியவில்லை. கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒங்கம்மா வேல பாத்தது மாவு சலிக்கிற எடம். காத்து கெடையாது. பகல் பூரா அந்தத் தூசுலதான் மூச்சு வுட்டா. நான் ஒக்காந்துருந்தது சன்னலோரம். நானும் ஆண்டாளும் வெல்லத்தால பொழைக்கலடி, சன்னலால பொழைச்சோம். இப்பத்தான் எனக்கே தெரியுது."

"வெல்லத்த அம்மா தின்னுருந்தா?"

"தின்னுருந்தாலும் செத்துருப்பா."

தாயை இழந்த பெண்ணிடம் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். இளமதி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க அத்த."

விருத்தாம்பாள் குரலைத் தாழ்த்தவில்லை. ஊசிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று சொன்னாள். "தெனம் ஒரு மூட்ட வெல்லம் தின்னுருந்தாலும் செத்துருப்பாடி எங்கண்ணு. நீ தின்னது ஒங்கம்மா உசுரு இல்ல. அவ ஆசயா குடுத்த திம்பண்டம்."